எதிரி காத்திருக்கும் ஆட்டம்

மாப்பிள்ளைக்கு வறுவல் தின்றுவிட்டு விரலை நக்குகிற பழக்கம் உண்டு. நக்கட்டும், அவர் விரல், அவர் நாக்கு. ஆனால் நக்கிய அதே விரலை அடுத்தவர் திரையில் வைத்து, "இந்த இடத்தை மாத்துங்க" என்பார் பாருங்கள், அங்கேதான் அக்காவுக்கு அருவருப்பாக இருக்கும். அவர் நகர்ந்ததும் துணியை எடுத்துத் திரையைத் துடைப்பாள். துடைத்த துணியையும் தூரப் போடுவாள்.

முதலாளி மகளைக் கட்டியதால் அந்த அலுவலகத்தில் அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர். முகத்துக்கு நேரே மட்டும் சார். கணினியில் ஆடும் ஆட்டங்களைச் செய்து விற்கிற அலுவலகம் அது. எல்லோரையும்விட மூத்தவள் என்பதால் அக்காவுக்கு அக்கா என்று பெயர். செய்து முடித்த ஆட்டத்தை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் 'சரி' என்று போடாமல் எதுவும் வெளியே போகாது.

அவர்களுடைய பெரிய ஆட்டம் முறை வைத்து ஆடுவது. ஒரு நாயகி காடு மலையெல்லாம் சுற்றி அரக்கர்களோடு சண்டை போடுவாள். நாம் வாளா, கேடயமா, மருந்தா என்று யோசித்து ஒன்றைத் தொட வேண்டும். அதுவரைக்கும் அரக்கன் ஓங்கிய கையோடு அப்படியே நிற்பான். நாம் ஆடிய பிறகுதான் அவன் முறை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் நிற்பான். இந்தக் காலத்தில் அப்படி ஒரு மரியாதை தெரிந்தவனை மனிதர்களில் தேடினாலும் கிடைக்காது.

அக்காவின் புருஷனுக்கு அந்த அரக்கர்கள்தான் ஆகிவந்தார்கள். மனிதர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். மூளையில் ரத்தம் அடைத்து வலது கை போய், பேச்சும் பாதி போய், இப்போது ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே நெடுந்தூரம். கடைக்காரன் அவர் கேட்டு முடிப்பதற்குள் அடுத்தவரைப் பார்ப்பான். தொலைபேசியில் வரும் குரல் பதில் வரவில்லை என்று வைத்துவிடும். ஏன், அக்காவே அவர் "தண்..." என்னும்போதே செம்போடு வந்து நிற்பாள். அவருக்குத் தண்டுவடம் வலிக்கிறது என்று சொல்ல வந்திருப்பார். யாரும் அவசரப்படுத்தாத ஒரே இடம் அந்த ஆட்டம். இடது கையால் தடவித் தடவி, 'எளிது' என்ற படியை விட்டு 'கடினம்' என்ற படிக்கே ஏறிவிட்டார். நாயகிக்கு அவர் வைத்த பெயர் சிடுமூஞ்சி. கல்யாணமான புதிதில் அக்காவுக்கு வைத்தது.

வெளியிலிருந்து ஆடிப் பார்க்கச் சிலரை அலுவலகத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அக்கா அவரையும் சேர்த்துவிட்டிருந்தாள், தன் புருஷன் என்று யாரிடமும் சொல்லாமல். அவர் ஆடுவதெல்லாம் தானாகப் பதிவாகி அலுவலகத்துக்கு வரும்.

அந்தப் பதிவைத்தான் ஒரு நாள் கூட்டத்தில் மாப்பிள்ளை சுவரில் போட்டுக் காட்டினார். திரையில் சிடுமூஞ்சி. எதிரே அரக்கன். ஆடுபவரின் விரல் நகர்வதைக் காட்டும் அம்புக்குறி வாள்மேல் போய் நடுங்குகிறது, கேடயத்துக்கு வருகிறது, வழுக்கி ஓரத்துக்குப் போகிறது, மறுபடி வாளுக்கு.

"யாருப்பா இது? உயிரோட இருக்கானா, செத்துட்டானா?" என்றார் மாப்பிள்ளை. "அரக்கனுக்கே கொட்டாவி வந்துரும் போல!"

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவின் உதடும் விரிந்தது. சிரிக்கவில்லை, பல்லை மட்டும் காட்டினாள். காட்டியது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். தூ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அது என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அதான் சொல்றேன், ஆட்டத்துல சூடே இல்ல" என்றார் மாப்பிள்ளை. "ஒவ்வொரு முறைக்கும் கடிகாரம் வைங்க. பத்து வினாடி. அதுக்குள்ள தொடலைன்னா அரக்கன் அடிச்சிருவான். முடியாதவன் எளிது வச்சு ஆடட்டும். எளிதுன்னு பேரும் வேணாம், சப்புன்னு இருக்கு. பால்குடின்னு வைங்க. அதை எடுத்தா நாயகி வாயில ரப்பர் சூப்பான், கடைவாயில எச்சில் ஒழுகணும். மானம் இருக்கறவன் அந்தப் பக்கமே போக மாட்டான்."

கடைவாயில் எச்சில். அக்கா தினமும் காலையில் துண்டின் நுனியால் துடைக்கிற எச்சில். எழுந்து போய் அந்த வறுவல் பொட்டலத்தை அந்த ஆளின் தலையிலேயே கவிழ்க்கலாமா என்றிருந்தது.

"சார், நேரம் வேற, கஷ்டம் வேற" என்றாள். குரல் கொஞ்சம் எகிறித்தான் வந்தது. "மெதுவா யோசிக்கறவங்க எல்லாரும் பலவீனமான எதிரியவா கேக்கறாங்க? அரக்கன் பலமா அடிக்கட்டும் சார். யோசிக்கற வரைக்கும் நின்னாப் போதும்."

"அக்கா ரொம்ப உணர்ச்சிவசப்படறாங்க" என்றார் மாப்பிள்ளை. மறுபடி சிரிப்பு. பிறகு பெரிய மனசு பண்ணி, "சரி, கடிகாரத்தை நிறுத்த ஒரு பொத்தான் வச்சிருங்க. அக்காவுக்காக" என்றார்.

பொத்தானை வைக்கிற வேலை கண்ணாடிக்கு வந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட பெண், கெட்டிக்காரி, கை வேகமென்றால் அப்படி ஒரு வேகம். மறுநாளே முடித்துவிட்டாள். அக்கா ஆடிப் பார்த்தாள். சண்டை நடுவே மூலையைத் தொட்டு, அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கீழே தள்ளி, 'கடிகாரத்தை நிறுத்து'. நின்றது. கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. அடுத்து பால்குடி. ரப்பர், எச்சில் எல்லாம் சொன்னபடி கொழகொழவென்று ஒழுகியது. கருமம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நமக்கு வேண்டியது பொத்தான், அது கிடைத்துவிட்டது, இந்த அசிங்கத்தை யார் தொடப்போகிறார்கள் என்று எண்ணி 'சரி' போட்டாள். அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஜெயித்த மாதிரியே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் புதிய ஆட்டம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மாலையில் அக்கா கதவைத் திறந்தபோது அவர் சன்னலோர நாற்காலியில் இருந்தார். மடியில் பலகைக் கணினி. சட்டையின் முன்பக்கம் வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. டிக் டிக் என்று சத்தம்.

"மூலையில தொடுங்க, அமைப்புக்குள்ள நிறுத்தற பொத்தான் இருக்கு" என்றாள் செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அவர் விரல் மூலையைத் தேடியது. தொட்டது. அமைப்பு திறந்தது. விரல் நடுங்கிக் கீழே தள்ள ஆரம்பித்தது. டிக் டிக் நிற்கவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் சுரீரென்றது. அமைப்புக்குள்ளேயும் கடிகாரம் ஓடுகிறது! பத்து வினாடி முடிந்தது, பக்கம் பட்டென்று மூடிக்கொண்டது, அரக்கன் ஓங்கி அடித்தான். கடிகாரத்தை நிறுத்துகிற பொத்தானைக் கடிகாரத்துக்கு உள்ளேயே வைத்திருக்கிறார்கள். வேகமாக இருப்பவனுக்குத்தான் மெதுவாக ஆட அனுமதி. வைத்தவளுக்கும் கை வேகம், பார்த்தவளுக்கும் கை வேகம், எவளுக்கு உறைக்கும்?

அவர் மறுபடி முயன்றார். மறுபடி மூடியது. "குடுங்க, குடுங்க, நான் பண்றேன்" என்று அக்கா பலகையைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் அவருடைய இடது கை நாற்காலிக் கட்டையில் மோதியது. அவள் மூலையைத் தொடுவதற்குள் சிடுமூஞ்சி செத்தாள். இத்தனை தடவை செத்ததால் ஆட்டம் தானே இரக்கப்பட்டுப் பால்குடிக்கு மாறியது. சிடுமூஞ்சி எழுந்து நின்றாள், வாயில் ரப்பரோடு. கடைவாயில் எச்சில் ஒழுகியது. பின்னணியில் குழந்தைகள் கெக்கலி கொட்டின.

அவர் பார்த்தார். பிறகு இடது கையால் தன் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சீ, அந்த மாப்பிள்ளைதாங்க, அவன் வாயில புழு விழ, நான் எவ்வளவோ..." என்று அவள் ஆரம்பித்தாள்.

அவர் கையைத் தூக்கினார். பேசப் போகிறார் என்று அர்த்தம். அன்றைக்குத்தான் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"இதை... நீ... பாத்துதான்... சரின்னு... போட்டியா?"

கேள்வி முடிந்தது. இத்தனை வருஷமாக அவர் வாக்கியங்களையெல்லாம் முடித்துவைத்தவளுக்கு இப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பொத்தானைப் பற்றிச் சொல்லலாமா, எதிர்த்துப் பேசியதைச் சொல்லலாமா, கூட்டத்தில் பல்லைக் காட்டியதைச் சொல்லாமல் விடலாமா. அருவருப்பு இப்போது மாப்பிள்ளைமேல் இல்லை.

"அவசரமில்ல" என்றார் அவர். "யோசி. நான்... இருக்கேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. உண்மையாகவே காத்திருந்தார்.

"போட்டேங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். பலகைக்காகக் கையை நீட்டினார், கொடுத்தாள். நாயகியின் பெயரை மாற்றுகிற பக்கத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தில் மட்டும் கடிகாரம் இல்லை. அங்கே வைக்க மாப்பிள்ளைக்குத் தோன்றவில்லை. சிடுமூஞ்சி என்ற பெயரின் கடைசி எழுத்துக்கு விரல் தடவித் தடவிப் போய்ச் சேர்ந்து, வழுக்கி, மறுபடி வந்து அதை அழித்தது. அடுத்த எழுத்து. அதற்கடுத்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள், செருப்பைக் கழற்றாமல், உதவாமல், கடைசி எழுத்து போகிற வரைக்கும்.