வில்டா அக்காவின் அட்டை

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் வேதியியலும் உயிரியலும் எனக்குப் பயமில்லை, கல்லூரியில் படித்தவைதான். உளவியலும் சமூகவியலும்தான் புதிது. பயிற்சி வகுப்புக்குப் போக வசதியில்லை. எங்கள் ஊர் பெக்லியின் நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, முந்நூறு சொற்களை அட்டைகளில் எழுதினேன். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் விளக்கம்.

மதியச் சாப்பாட்டு வேளையில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்பவர் வில்டா அக்கா. முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்ப்பவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஜெபித்துவிட்டு, சோள ரொட்டியைப் பீன்ஸில் தோய்த்தபடி, வாயில் நுழையாத சொற்களை எழுத்துக்கூட்டி வாசிப்பார். நான் படிக்கட்டும் என்று சனிக்கிழமைகளில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்.

தெரிந்தவர்களோடு முடிச்சுப் போட்டால் சொல் மறக்காது என்று புத்தகத்தில் இருந்தது. அப்படியே செய்தேன். பலர் சேர்ந்து வேலை செய்யும்போது ஒருவன் மட்டும் சும்மா இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு. அந்த அட்டையில் என் தம்பியின் பெயரை எழுதினேன். அழகாகப் பேசுகிறவர் செய்வதெல்லாம் சரி என்று எண்ணுவதற்கு ஒரு பெயர் உண்டு. அதில் எங்கள் சபைப் போதகர்.

அக்கா சிரித்துப் புரையேறினார். "போதகரையேவா? நரகத்துக்கு நீ தனியாப் போக வேணாம் கண்ணு. சிரிச்ச பாவத்துக்கு நானும் கூட வரேன்."

பிறகு தன்னை எதில் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். உங்களுக்கு ஏற்ற சொல் இன்னும் கிடைக்கவில்லை என்றேன்.

அது பொய். அவருடைய அட்டையைத் தனியே எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவரை வைத்து எழுதிய பிறகுதான் அந்தச் சொல் என் மனதில் நின்றது.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, காலை அவசரத்தில் அதையும் சேர்த்து எல்லா அட்டைகளையும் திரட்டி ரப்பர் வளையம் போட்டுவிட்டேன். மதியம் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்த அக்கா, ஓர் அட்டையில் நின்றார். திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கற்றுக்கொண்ட இயலாமை," என்று வாசித்தார்.

அட்டையை வாங்கக் கை நீட்டினேன்.

"சொல்லு. பரிட்சைல கேப்பாங்கல்ல."

சொன்னேன். திரும்பத் திரும்ப அடிபட்டவர், கதவு திறந்திருந்தாலும் வெளியேற முயலாத நிலை.

"சரிதான்," என்றார்.

அந்த விளக்கத்தின் கீழே நான் எழுதியிருந்தது இது: வில்டா. குடிகாரப் புருஷனை விட்டு மூன்று முறை போனாள். மூன்று முறையும் திரும்பினாள். இப்போது முயல்வதே இல்லை.

இல்லத்தின் துணி அறையில் அவர் அழுதுகொண்டே என்னிடம் மட்டும் சொன்னதை அப்படி எழுதியிருந்தேன்.

மிச்சமிருந்த பதினோரு அட்டைகளையும் அவர் கேட்டு முடித்தார். மூன்றில் தவறினேன். அவற்றைக் கட்டி என் பக்கம் தள்ளினார்.

"அந்த வீட்டுல அவனோட அம்மா படுத்த படுக்கையாக் கெடக்குது. நான் இல்லாத நாள்ல யாரும் பொரட்டிப் போடல. முதுகெல்லாம் புண்ணு. அதுக்காகத்தான் திரும்பிப் போனேன்." எழுந்து தட்டை எடுத்தார். "ஏன் போனீங்கன்னு நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டைத் தன் காரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

தேர்வு சனிக்கிழமை. எனக்குப் பதிலாக வருவாரா என்று கேட்க எனக்கு முகமில்லை. நான் சார்ல்ஸ்டன் நகரத்தில் தேர்வறையில் இருந்தபோது, அவர் சொல்லாமலே வந்து என் நோயாளிகளைக் குளிப்பாட்டியிருந்தார். அந்தச் சொல்லைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. சரியாகவே குறித்தேன்.

ஒரு மாதம் கழித்து மதிப்பெண் வந்தது. உளவியல், சமூகவியல் பகுதியில் நூற்று முப்பத்திரண்டுக்கு நூற்று முப்பத்தொன்று. ஆண்டவர் என்னை மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் அவர் மன்னித்ததைக் காட்டி, நீங்களும் மன்னியுங்கள் என்று அக்காவிடம் கேட்க முடியாது. அந்த மதிப்பெண்ணுக்கு என்னோடு சேர்ந்து உழைத்தவர் அவர் ஒருவர்தான். அதனால் முதலில் அவரிடமே போனேன். ஒரு கிழவிக்குத் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லது," என்றார், கையை நிறுத்தாமல். "ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். ஏழாம் ரூம்ல மணி அடிக்குது. நீ போறியா, நான் போகட்டா?"

நானே போகிறேன் என்றேன்.