யூர்வாவில் மனைவி கூப்பிடும் சொல்

1994 மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பின்னேரம் மூன்று மணிக்கு, இத்தாலியில், லிபெர்த்தாப் பகுதியில் புரொபெசோரே கஞ்சேமியின் நாலாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரரும் பழைய பேராசிரியருமான புரொபெசோரே, காலையில் அவரைக் குளிக்க வார்த்து உடுப்பு மாற்றிவிடும் கிறிகோரி, பின்னேரத்தில் சமைக்கும் மொரீஷியஸ்காரி கொலெட், கிறிகோரியின் மனைவி அகஸ்ரீனா, அவளுடைய மூத்த அண்ணன் யாக்கோபு. வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்பவர்கள் பிறகு பெருகிவிட்டார்கள்.

யாக்கோபு கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. நியாயம் கேட்கப் போன வீட்டில், விஷயம் தீருமுன் உட்காருவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. வெறுங்கையோடு போவதும் வழக்கமில்லை. ஆகவே அவர் வேலை செய்யும் சியாகுல்லித் தோட்டத்து மந்தரின் தோடம்பழங்கள் ஒரு பை நிறைய அவர் கையில் தொங்கின.

விஷயம் முதல்நாள் சனிக்கிழமை, பல்லரோச் சந்தையில் நடந்தது. அகஸ்ரீனா மீன்காரனோடு மத்திக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். கிறிகோரி இரண்டடி தள்ளிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"நௌரே!"

கிறிகோரி திரும்பினார். அந்தத் திரும்பல்தான் அகஸ்ரீனாவைச் சுட்டது. பெயரைக் கேட்டால் ஒரு மனிதன் தலையை மட்டும் திருப்புவான். இவர் முழு உடம்போடும் திரும்பினார். இருபத்தாறு வருடமாக, அடுப்படியிலிருந்து அவள் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடும்போது மட்டும் திரும்பும் திரும்பல் அது. அங்கே கொலெட் கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள். முப்பத்துநாலு வயது, எல்லாப் பல்லும் தெரியும் சிரிப்பு. கிறிகோரியும் சிரித்தார். அவர் போட்டிருந்த சேட்டுக்குக் காலையில் அயன் பிடித்தவள் அகஸ்ரீனா.

வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"அவள் உங்களை என்னெண்டு கூப்பிட்டவள்?"

"அது யூர்வா பாஷை. வேலையிடத்திலை பழகினது."

"எந்த நாட்டுப் பாஷை?"

"ஒரு நாட்டிலையும் இல்லை."

"ஒரு நாட்டிலையும் இல்லாத பாஷையிலை அவளோடை உங்களுக்கு என்ன கதை?"

கிறிகோரி விளங்கப்படுத்தத் தொடங்கினார். அவள் கேட்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

இப்போது புரொபெசோரே இத்தாலியனில் பேசினார். அவருக்கு எழுபத்தைந்து வயது, கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. "சிஞோரா," என்று தொடங்கினார். கிழமை முழுவதும் மற்றவர்களைச் சிஞோரா என்று அழைத்து வீடு துடைப்பவள் அகஸ்ரீனா. அந்த மரியாதை அவளைக் கொஞ்சம் நிமிர்த்தியது, கோபத்தைக் குறைக்கவில்லை.

பதினாலு வயதில், பால்டிக் கடலில் இல்லாத ஒரு தீவை அவர் கடதாசியில் வரைந்தாராம். கரையில் அம்பர் என்ற மஞ்சள் பிசின்கல் பொறுக்கும் மக்களை அதில் குடிவைத்தாராம். லித்துவேனிய மொழிக்கும் லத்விய மொழிக்கும் ஒரு தங்கை இருந்திருந்தால் எப்படிப் பேசுவாள் என்று யோசித்து, அந்த மக்களுக்கு யூர்வா என்று ஒரு மொழி செய்தாராம். மணல்மேடு நகர்ந்து வந்து அவர்களுடைய பதினொரு ஊர்களையும் ஒவ்வொன்றாக மூடிய சரித்திரமும் எழுதினார். முப்பத்துநாலு கொப்பிகள். கண் போன பிறகு அதைக் காதால் கேட்க ஆசைப்பட்டார். ஆண் குரலுக்குக் கிறிகோரி, பெண் குரலுக்குக் கொலெட்.

"நௌரே எண்டால் என்ன?" என்று அகஸ்ரீனா கேட்டாள்.

புரொபெசோரே முகம் மலர்ந்தார். "அது உங்கள் கணவர் எனக்குத் தந்த பரிசு. தன் மனைவி ஒருநாளும் தன் பெயரைச் சொன்னதில்லை, தனியாக ஒரு சொல்லால் கூப்பிடுவாள் என்றார். அறுபது வருடத்தில் எனக்கு அப்படி ஒன்று தோன்றவேயில்லை! யூர்வாவிலும் மனைவி கணவனை அப்படித்தான் கூப்பிடுவாள் என்று முப்பத்தோராம் கொப்பியில் எழுதுவித்துவிட்டேன். மனைவியைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லக்கூடாது."

கிறிகோரி தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"கேட்டியளோ அண்ணை? என்ரை சொல்லைக் கொண்டுபோய்க் குடுத்து, அதை இவளின்ரை வாயிலை வைச்சு, சந்தையிலை நிண்டு கூப்பிடுறாள். இவரும் திரும்புறார்!"

கொலெட்டுக்குத் தமிழ் தெரியாது. விரல் தன்னைக் காட்டியது தெரிந்தது. "எனக்கு அது ஹலோ மாதிரி ஒரு சொல்," என்றாள் இத்தாலியனில். "நான் என் புருஷன் வாசெனை வாசென் என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் கழுதை. கொப்பியில் இருந்ததை வாசித்தேன், வாயில் ஒட்டிக்கொண்டது. உங்கள் கணவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. அவருக்குத் தேத்தண்ணி வைக்கவும் தெரியாது."

அவருக்குத் தேத்தண்ணி வைக்கத் தெரியாதென்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்ற புதுக் கோபம் அகஸ்ரீனாவுக்கு அப்போது வந்தது.

புரொபெசோரே, மனம் இளகும் என்று நினைத்து, கடைசிக் கொப்பியின் முடிவை வாசிக்கச் சொன்னார். கிறிகோரி யூர்வாவில் வாசித்து, தமிழில் சொன்னார். மணல் மூடாமல் மிஞ்சிய கடைசி வீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். பெண்சாதி செத்துப்போனாள். புருஷன் இன்னும் பதினொரு வருடம் இருந்தான். அவனை அந்தச் சொல்லால் கூப்பிட ஆளில்லை. ஆகவே யூர்வா மொழி அவள் செத்த அன்றே முடிந்தது. சொல்லி முடித்துவிட்டுக் கிறிகோரி கண்ணைத் துடைத்தார்.

அகஸ்ரீனா அழவில்லை.

"அந்தப் பதினொரு வருஷமும் அந்தாளுக்கு ஆர் சமைச்சது?"

கிறிகோரி இத்தாலியனில் கேட்டார். புரொபெசோரே திகைத்தார். தாடையைத் தடவினார். "அக்கரையில் ஒரு ஜெர்மன் விதவை இருந்திருக்கலாம்."

"விதவை!" என்றாள் அகஸ்ரீனா.

"சரி, அதுவும் வந்திட்டுது," என்றார் யாக்கோபு, முதல் தடவையாக வாய் திறந்து.

"அந்தாளை முதல் சாகச் சொல்லுங்கோ," என்றாள் அகஸ்ரீனா.

"இஞ்சாரும்!" என்று கிறிகோரி பதறினார்.

"பிள்ளை, என்ன கதை கதைக்கிறாய்? வாயைக் கழுவு," என்றார் யாக்கோபு.

"அண்ணை, இவர் தனிச்சு இருந்தால் ஆரோ ஒருத்தி தேத்தண்ணியோடை வருவாள். இவரும் வாங்கிக் குடிப்பார். நான் தனிச்சு இருந்தால் ஒருத்தரும் வரத்தேவையில்லை. கதையிலை பெண்சாதி இருக்கட்டும். மாத்தி எழுதச் சொல்லுங்கோ."

கிறிகோரி அதை மொழிபெயர்க்க நேரமெடுத்தார். புரொபெசோரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பதினொரு வருடமும் அவள் என்ன செய்தாள்?"

இதை அகஸ்ரீனா நேரே அவருக்கே இத்தாலியனில் சொன்னாள். "கூப்பிட்டாள். வேறென்ன செய்வாள்?"

கிழவர் கிறிகோரியைப் பேனை எடுக்கச் சொன்னார். கணவன் மாரிகாலத்தில் இறந்தான் என்றும், மனைவி பின்னேரங்களில் மணல்மேட்டைப் பார்த்து நௌரே என்று கூப்பிட்டபடி பதினொரு வருடம் இருந்தாள் என்றும், மொழி அதுவரை இருந்தது என்றும் சொல்லச்சொல்ல, தன்னுடைய சாவைக் கிறிகோரி தன் கையாலேயே எழுதினார்.

"இனி மனைவியின்ரை பங்கை நான் வாசிக்கிறன்," என்றாள் அகஸ்ரீனா. "இவள் மாமியாரின்ரை பங்கை வாசிக்கட்டும்."

மாமியார் பங்கு என்று கிறிகோரி இத்தாலியனில் சொன்னதும் கொலெட் தலையிலடித்துச் சிரித்தாள். யாக்கோபு மந்தரின் பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கொலெட்டை அகஸ்ரீனா வேலையை விட்டுத் துரத்தினாள் என்றும், கிறிகோரி அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை என்றும் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். 1997 ஒக்ரோபரில் புரொபெசோரே இறக்கும்வரை கிறிகோரி காலையிலும் கொலெட் பின்னேரத்திலும் அங்கேதான் வேலை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக்கு அகஸ்ரீனாவும் போனாள்.