ஒரே பச்சை உறை

2002 அக்டோபர். பஹ்ரைன் தீவில் நாடாளுமன்றத்துக்குப் பெண்களும் வாக்களித்த முதல் நாள். அவசரத்தில், நான் வீட்டுவேலை பார்த்த மேடம் அலமாரிச் சாவியை என்னிடமே எறிந்து, வாக்குச்சாவடியில் காட்டவேண்டிய தன் பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொன்னார். உள்ளே என்னுடையதும் இருந்தது. வேலை ஒப்பந்தம் முடிந்து ஏழு மாதமாகியும் அதை அவர் தரவில்லை. இரண்டுக்கும் டிராவல்ஸ்காரர் கொடுத்த ஒரே மாதிரிப் பச்சை உறை. பதற்றத்தில் என்னுடையது என்று ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு மற்றதைக் கொடுத்தேன்.

அரை மணியில் டிரைவர் ரெங்கராஜ் அண்ணன் ஓடி வந்தார்.

“ஏ ஜோதி, ஆபீசர் முன்னாடி மேடம் உன் போட்டோவ நீட்டிப்புட்டாங்க! கார்ல கொதிச்சுப்போய் உக்காந்திருக்காங்க. அவங்களோடத குடு, யல்லா, சீக்கிரம்! ஓட்டுச்சாவடிய மூட இருவது நிமிசந்தான் இருக்கு.”

இடுப்பைத் தொட்டேன்.

“என்னோடத வாங்கிட்டு வாங்கண்ணே. அப்பறம் தாரேன்.”

“பைத்தியமா புள்ள உனக்கு? போலீசக் கூப்புடுவாங்க.”

“போலீசு வர்றதுக்குள்ள ஓட்டு போயிருமே.”

வெளியே ஹாரன் விடாமல் அலறியது. பிறகு மேடமே உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என் பாஸ்போர்ட்டைச் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

முதலில் என்னுடையதை எடுத்துக்கொண்டேன்.