புவனேந்திரனின் மரச்சப்பாத்து

புவனேந்திரன் ஹொலண்டில் பன்னிரண்டு வருடம் பூத்தோட்டங்களில் வேலை செய்தவர். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக 2004இல் குடும்பம் லண்டனுக்கு மாறியபோது, மனைவி யோகமலர் சட்டி பானை, சாமிப்படம் எல்லாம் கட்டினாள். அவர் கட்டிக்கொண்டு வந்தது ஒரு சோடி மரச்சப்பாத்து. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. முன்பக்கம் தோணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் பூக்கன்று வளர்த்து விற்கும் ஒரு நேசரியில் வேலை கிடைத்ததும் அதையே மாட்டிக்கொண்டு போனார்.

வேலைக்குப் போட்டால் போட்டுத் தொலையட்டும். மனுஷன் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கும் அதோடே டொக் டொக் என்று வந்து நின்றார்.

"அத்தான் எப்ப சாமியாரானவர்? பாதக்குறடெல்லாம் போடுறார்!" என்று யோகமலரின் தங்கை கௌசி நாலு பேருக்குக் கேட்கச் சொன்னாள். யோகமலருக்கு மானம் போய்விட்டது.

"சிரிக்கிறவை சிரிக்கட்டும்," என்றார் அவர். "ஹொலண்டில ஈரக்களிக்குள்ள நிண்டு வேலை செய்தவன் நூற்றுக்கணக்கான வருசமா இதைத்தான் போட்டவன். இஞ்ச இங்கிலாந்திலயும் மில்லுக்குப் போன பொம்பிளையள் மரக்கட்டை அடிச்ச சப்பாத்துத்தான் போட்டவை. தண்ணி ஏறாது, கால் நசியாது."

இந்தச் சரித்திரத்தை யோகமலர் முப்பது தடவையாவது கேட்டிருப்பாள். இன்னொரு தடவை கேட்க அவளுக்குப் பொறுமையில்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, சோடியைத் தூக்கிக்கொண்டுபோய் பஸ் தரிப்புக்குப் பக்கத்துச் சாரிட்டி கடையில் கொடுத்துவிட்டாள். பதிலுக்கு நல்ல கறுப்புத் தோல் சப்பாத்து வாங்கி வாசலில் வைத்தாள்.

மறுநாள் அவர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்று மாதமாகியும் அதில் ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டு மண் இல்லை. "பாத்தியே, எவ்வளவு கவனமா வச்சிருக்கிறார்," என்று யோகமலருக்குக் கௌசியிடம் பெருமை வேறு.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நேசரியில் அவரோடு வேலை செய்யும் கஸ்பர் போன் எடுத்தான். "அக்கா, பதறாதேங்கோ. தள்ளுவண்டி சரிஞ்சு பெரிய கல்லுச்சாடி ஒண்டு அண்ணையின்ர காலில விழுந்திட்டுது..." எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டு அவள் ஓடினாள்.

பஸ்ஸில் அவளால் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவளே தடவிப் பார்த்துத் தெரிந்தெடுத்த மெல்லிய தோல். கல்லுச்சாடிக்கு அது வெறும் கடதாசி. நாலு பேர் சிரிக்கிறார்கள் என்று மனுஷனின் காலைப் பறித்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிள்ளையாரே, கால் மட்டும் இருக்கட்டும் என்று வழி முழுக்க முணுமுணுத்தாள்.

ஆஸ்பத்திரியில் புவனேந்திரன் கதிரையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வலது பாதத்தில் பண்டேஜ். நுனியில் விரல்கள் வெளியே தெரிந்தன. யோகமலர் சனம் இருக்கிறதென்றும் பாராமல் கீழே குந்தி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன.

"எக்ஸ்ரே எடுத்தவை. எலும்பு உடையேல்லை. சதை கண்டிப்போச்சு, அவ்வளவுதான்."

"அந்தத் தோல் எப்பிடித் தாங்கினது?"

பக்கத்தில் நின்ற கஸ்பர் கூரையைப் பார்த்தான். புவனேந்திரன் கதிரைக்குக் கீழிருந்த பையைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டாகப் பிளந்த வலது கால் மரச்சப்பாத்து, அதோடு உடையாத இடது காலினது.

"நீர் குடுத்த மூண்டாம் நாள் பஸ்ஸில போகேக்கை கண்டனான். கள்ளிச்செடி நட்டு அந்தச் சாரிட்டி கடை யன்னலுக்கை வச்சிருந்தவை. வாங்கி, கள்ளியைப் பிடுங்கிப்போட்டுப் போட்டனான்."

"அப்ப நான் வாங்கினது?"

"போக வர மட்டும். மற்ற நேரம் வேலையிடத்து அலுமாரியில."

மூன்று மாத மினுக்கம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வேறு நாளென்றால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். அன்று அழுதுகொண்டே சிரித்தாள். தன் பேச்சைக் கேட்காத புருஷனுக்காகப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கலாம் போலிருந்தது.

வெளியே வரும்போது அவருடைய இடது காலில் மிஞ்சிய மரச்சப்பாத்து, வலது காலில் பண்டேஜ். ஒரு அடிக்கு டொக், மறு அடிக்குச் சத்தமில்லை. தெருவில் போன சனம் திரும்பிப் பார்த்தது.

யோகமலர் அவருடைய கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "மெல்ல நடவுங்கோ," என்றாள். "பாக்கிறவை பாக்கட்டும்."