ஏழு வீட்டுக்காரி

அம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, முன்பின் தெரியாத ஒருவரின் கூடத்து நடுவில் ஒரு கை தண்ணீரை ஊற்றினாள். வீட்டைக் காட்ட வந்த தரகர் இரண்டு எட்டு பின்னால் போனார். தண்ணீர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, வாசலுக்கு வழி தெரியாதது போல, படுக்கையறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. "கழுவி விட்டா அத்தனை தண்ணியும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கும். வேண்டாம்டி" என்றாள் அம்மா. அத்தோடு அம்மாவும் மகளும் வீடு தேடும் ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

நகரத்தின் நடுவில், ஒரு பல் மருத்துவமனையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றரை அறையில் பன்னிரண்டு வருடம் ஓட்டியாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கோ பல் குடைகிற சத்தத்தில்தான் மகள் படித்துப் பட்டம் வாங்கினாள். அவர்கள் வம்சத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். இப்போது டாக்டருக்கு எக்ஸ்ரே அறை வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் விசாரித்தபோது, அந்த வாடகைக்கு எக்ஸ்ரே அறையின் கதவைக்கூடத் தரமாட்டார்கள் என்று தெரிந்தது. ஆகவே, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஞாயிறுக்கு இரண்டு ஸ்டேஷனாகத் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார்கள். தள்ளிப் போகப் போக வாடகை குறைந்தது. கூடவே அம்மாவின் பேச்சும் குறைந்தது. அதை மகள் கவனிக்காமல் இல்லை. அம்மா வேலை பார்க்கும் ஏழு வீடுகளும் நகரத்து நடுவில் இருந்தன. கூட்டி, துடைத்து, பாத்திரம் கழுவி, ஏழு வீட்டுச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு பன்னிரண்டு வருடமாக நடந்தே போய் வருகிற தூரம்.

அம்மா அந்த வேலையை விட்டுவிடட்டும் என்றுதான் மகள் நினைத்திருந்தாள். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிற கம்பெனியில் புகார்த் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க ஊரார் வசவைக் காதில் வாங்கிக்கொண்டு, "உங்க சிரமம் புரியுது சார்" என்று சொல்ல வேண்டும். அங்கே விழுங்கிய கோபமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டியோடு வெளியே வந்தது. நாலாவது ஞாயிறு ஒரு நல்ல வீடு கிடைத்திருக்க வேண்டியது. காற்று, வெளிச்சம், தண்ணீர் ஓடுகிற திசை, எல்லாம் சரி. வீட்டுக்கார அம்மாள், அம்மாவின் வெடித்த விரல்களைப் பார்த்துவிட்டு, "வேலைக்காரம்மா வெளியவே நிக்கட்டுமே, நீங்க மட்டும் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். மகள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் பாதி அச்சில் ஏறாது. தெருமுனைக்கு வந்ததும் அம்மா நின்று சொன்னாள்: "நமக்கு அப்புறம் பாப்போம். முதல்ல உன் வாய்க்குத் தனியா ஒரு வீடு பாக்கணும்."

"உன்னைச் சொன்னா நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

"என்ன தப்பாச் சொல்லிட்டா? நான் வேலைக்காரிதானே. உன் அம்மாவும் நான்தான்கிறது அவ நெத்தியிலயா எழுதியிருக்கு?"

ஆறாவது ஞாயிறு கடைசி ஸ்டேஷனில் இறங்கினார்கள். அதற்கு அப்பால் ஒரு கான்கிரீட் தடுப்பும் இடுப்புயரப் புல்லும்தான். "இதுக்கும் மேல போகணும்னா தண்டவாளத்தை நாமதான் போடணும்" என்றாள் அம்மா. மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. விளம்பரத்தில், பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது. மகளின் சம்பளத்தில் பாதிக்குள் அடங்கிய முதல் வீடு. அவள் முந்தின நாளே தீர்மானித்துவிட்டாள்: தண்ணீர் கூரையைப் பார்த்து ஓடினாலும் சரி, இந்த வீட்டை விடக் கூடாது. யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு சைக்கிள் கடைக்கு மேல் வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சர்வேயர். ஊரையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவருக்கு, முழங்கால் கைவிட்டதிலிருந்து சொந்த வீட்டின் பதினெட்டுப் படிகளே எட்டாத் தூரமாகிவிட்டன. கடைக்குப் பக்கத்திலிருந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வீடு தொறந்துதான் இருக்கு. மேல போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். மகள், "அம்மா, நீ போய்ப் பாரு. நான் சார்கிட்ட பேசிட்டு வர்றேன்" என்றாள். பாட்டிலோடு அம்மா படியேறினாள்.

கீழே பரீட்சை நடந்தது. எந்தக் கம்பெனி, எத்தனை வருடம், நிரந்தர வேலையா, இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள். மகள் எல்லாவற்றுக்கும் அலுவலகக் குரலில் பதில் சொன்னாள். "வீட்ல ஆம்பளை யாரு?" என்றார். அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் நாக்கில் வந்ததை விழுங்கினாள். "அம்மா என்ன பண்றாங்க?"

"வீட்லதான் இருக்காங்க."

இது புதிதல்ல. கல்லூரி விண்ணப்பம் தொடங்கி வேலைக்குச் சேர்ந்த படிவம் வரை 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் அவள் 'இல்லத்தரசி' என்றுதான் எழுதி வந்திருக்கிறாள். நாலாவது ஞாயிறு ஒருத்தியைக் கிழித்துத் தோரணம் கட்டியவளின் கை, ஒரு படிவத்தைக் கண்டால் தானாக அப்படி எழுதிவிடும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும்.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒரு தம்பதி, பெண் பிள்ளையோடு. மேலே போனார்கள்; ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போய்விட்டார்கள். அடுத்து ஒரு ஆசிரியர், தன் அக்காவோடு. அவர்களும் யோசிக்கப் போனார்கள். மூன்றாவதாக வந்தது புதிதாகக் கல்யாணமான ஜோடி. அந்தப் பெண் வாசலிலேயே, "எனக்குப் பிடிச்சிருக்குங்க" என்று கணவன் கையைப் பிடித்துச் சொன்னதும் மகள் எழுந்துவிட்டாள். "அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுறேன் சார்" என்று அவர்கள் பின்னாலேயே ஏறினாள். பாதிப் படியில் அம்மாவின் குரல் கேட்டது.

"இந்த ரூமா? ரெண்டு மணிக்கு மேல அந்த ஜன்னல்ல வெயில் நேரா இறங்கும். மத்தியானம் தூங்குறவங்களா நீங்க?"

"லீவு நாள்ல தூங்குவோம்" என்றது அந்தப் பெண்ணின் குரல்.

"அப்பக் கஷ்டம்தான். பாத்ரூம் எட்டிப் பாருங்க. தண்ணி போகாம நிக்குது, கணுக்கால் வரைக்கும்."

"சமையல் ரூம்ல?"

"அலமாரி உசரம் மா. நீங்க குட்டையா இருக்கீங்க. தினம் ஸ்டூல் போட்டு ஏறணும். விழுந்து வெச்சா யாரு பாக்குறது?"

"நல்லவேளை, உங்களைக் கேட்டோம்" என்றான் கணவன். "ஓனர் இதெல்லாம் சொல்லவே இல்லை."

"அவரு மேல வந்தே ரெண்டு வருஷம் இருக்கும் போல, பாவம். படிக்கட்டுக் கைப்பிடியில பெரியவர் கைவெச்ச தடமே இல்லை, வெறும் தூசி."

மகள் சுவரோடு ஒதுங்கி ஜோடிக்கு வழிவிட்டாள். உள்ளே போனபோது அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கிருந்தோ கண்டுபிடித்த துடைப்பத்தோடு நின்றிருந்தாள். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போன குப்பையெல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தது. பாதித் தரை துடைத்தாகிவிட்டது.

"என்னம்மா பண்ற?"

"சும்மா நிக்க முடியலை. கை அரிச்சுது. கூட்டிக்கிட்டிருந்தேன், வந்தவங்க எல்லாம் என்னையவே விசாரிச்சாங்க. கேட்டாங்க, சொன்னேன்."

"மூணு குடும்பத்தையும் விரட்டிட்டியா?"

"ஒரு வார்த்தை பொய் இல்லை. நீ சொல்லியிருந்தா சண்டை. நான் சொன்னா அது தகவல்." துடைப்பத்தைச் சாத்திவிட்டு பாத்ரூமுக்குப் போனாள். "கொஞ்சம் இந்த முந்தானையைப் பிடி."

தண்ணீர் போகும் துளைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, அம்மா முனகிக்கொண்டே எதையோ இழுத்தாள். ஒரு சாக்குத் துணி, அப்புறம் ஒரு குழந்தையின் காலுறை, அப்புறம் முடிக்கற்றை. தேங்கியிருந்த தண்ணீர் ஒரு பெரிய ஏப்பம் விட்டு இறங்கியது. மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே இடத்திலிருந்து வந்தன. இரண்டையும் காட்டாமல், "கையைக் கழுவு" என்றாள்.

கீழிருந்து சர்வேயர் கூப்பிட்டார். குரலில் சூடு இருந்தது. இறங்கிப் போனபோது அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருந்தார். "தண்ணி தேங்குது, வெயில் கொல்லுதுன்னுட்டுப் போறாங்க. மேல வேலை பாக்குற அம்மா சொன்னாங்களாம். நான் யாரையும் வேலைக்கு வைக்கலையே?"

மகள் வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள். "நான்தாங்க சொன்னேன். சொன்னப்ப தேங்குச்சு. இப்பப் போகுது, அடைப்பை எடுத்துட்டேன். வெயில் மட்டும் என் கையில இல்லை."

"என் வீட்டைப் பத்தி ஊருக்குச் சொல்ல நீங்க யாரு? நீங்க என்ன, குழாய் வேலையா பாக்குறீங்க?" என்றவர் மகளைப் பார்த்தார். "உங்க அம்மா வீட்ல இருக்காங்கன்னு சொன்னீங்களே."

மகள் தரையைப் பார்த்தாள். அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். கோபமில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற பார்வை. பிறகு அவரிடம் திரும்பினாள்.

"ஆமாங்க, வீட்லதான் இருக்கேன். ஏழு வீட்ல இருக்கேன். கூட்டிப் பெருக்குற வேலை. இந்தக் கழுதைய அதுலதான் படிக்க வெச்சேன். வீடு கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். குப்பையை மட்டும் அள்ளிப் போட்டுட்டுப் போயிடுறோம், குவிச்சதை அப்படியே விட்டா எனக்குத் தூக்கம் வராது."

அவர் சுவரைப் பிடித்து எழுந்து, "கையைக் கொடும்மா" என்று மகளிடம் நீட்டினார். பதினெட்டுப் படிகளுக்கும் கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு படியிலும் நின்று, அதைப் புதிதாக அளப்பவர் போலப் பார்த்தார். மேலே போய், பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்க்கச் சொன்னார். கடகடவென்று போனது. துடைத்த பாதிக்கும் துடைக்காத பாதிக்கும் நடுவே நின்று தரையின் நிறம் இதுதானா என்று கேட்டார். இரண்டு வருடமாகச் சாம்பல் நிறம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"ஒண்ணாந்தேதி வந்துடுங்க" என்றார் கடைசியில். "ஆனா யாராவது கேட்டா வீடு நல்லா இருக்குன்னு சொல்லணும்."

"நல்லா இருந்தா சொல்றேன்" என்றாள் அம்மா.

ஸ்டேஷனுக்கு நடக்கையில் மகள் நாலைந்து தடவை பேச்சைத் தொடங்கித் தொடங்கி விட்டாள். 'மன்னிச்சுக்கோ' என்பது அவர்கள் வீட்டில் புழங்காத சொல். பிளாட்பாரத்தில் ரயில் காலியாக நின்றிருந்தது; கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. "இங்கிருந்து போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்" என்றாள். "உன்னால முடியாது. வேலையை விட்டுடும்மா. நான் பாத்துக்கிறேன்."

"விட்டுட்டு?"

"ரெஸ்ட் எடு."

"நீ ஆபீஸ் போனதும் நான் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காரணும். சாயந்திரம் நீ வந்து இல்லத்தரசி எப்படி இருக்கேன்னு கேப்பே."

மகளுக்குச் சுரீரென்றது. அந்தச் சொல் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? படிவங்களை எழுத்துக்கூட்டியாவது படித்திருக்கிறாள். எத்தனை வருடமாக? கேட்கத் திரும்பியபோது பக்கத்தில் அம்மா இல்லை. பிளாட்பாரத்தின் அந்த முனையில், பச்சை மேலங்கி போட்டுக் கூட்டிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் போய் நின்றிருந்தாள்.

"இந்தப் பக்கம் வீட்டு வேலைக்கு ஆள் கேக்குறாங்களா தங்கச்சி?"

பச்சை மேலங்கிக்காரி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கையை நீட்டி, தடுப்புக்கும் புல்லுக்கும் அப்பால் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களைக் காட்டினாள். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். அம்மா அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி, கைப்பிடியைத் தன் உயரத்துக்கு வைத்துப் பார்த்து, குனியாமல் எப்படிக் கூட்டுவது என்று இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினாள்.

ரயில் கதவுகள் மூடப் போவதாக மணி அடித்தது. மகள் ஒரு காலைப் பெட்டிக்குள்ளும் மற்றதைப் பிளாட்பாரத்திலும் வைத்து, மூட வந்த கதவைத் தோளால் தடுத்துக்கொண்டு நின்றாள். கதவு இடித்து விலகியது, மறுபடி இடித்தது.

"ஏம்மா, ஏறுறியா இறங்குறியா?" என்றார் உள்ளேயிருந்து ஒருவர்.

அவள் திரும்பவில்லை. தோள்பட்டை வலித்தது. அங்கே அம்மா இன்னும் சொல்லி முடிக்கவில்லை.