லாம்பேர் கொடுத்த ஐந்து நட்சத்திரம்

நட்சத்திரம் கொடுக்கும் விஷயத்தில் லாம்பேர் எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள். பகலில் நாமூர் நகரத்து வீடுகளில் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவருடைய பிழைப்பு. மாலையில் ‘கட்டம்’ என்ற காமிக்ஸ் ரசிகர் இதழுக்கு விமர்சனம் எழுதுவது அவருடைய வாழ்க்கை. பத்தொன்பது வருஷமாக எழுதுகிறார். ஆல்பம் என்று அங்கே சொல்லும் எந்தக் காமிக்ஸ் புத்தகத்துக்கும் ஐந்துக்கு மூன்றுக்கு மேல் கொடுத்ததில்லை. ஒரே ஒருமுறை நான்கு கொடுத்துவிட்டு, அடுத்த இதழில் ‘அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்’ என்று எழுதி ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்த மனிதர் போன வசந்தத்தில் ஓர் ஆல்பத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டார். ஒதில் கினார் என்ற பெண் ஓவியர் எழுதி வரையும் ‘ரோசினின் படகு’ தொடரின் பதினோராம் ஆல்பம் அது. ரோசின் மியூஸ் நதியில் உருளைக்கிழங்கு ஏற்றிப்போகும் சரக்குப் படகுக்காரி. இருபது வருஷமாக அவளைப் படித்தவர்களுக்கு அவள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியை யார் தினமும் தேடிப் போகிறார்கள்? விற்பனை படுத்துவிட்டது. பதினொன்றோடு தொடரை மூடிவிடுவது என்று பதிப்பகம் முடிவு செய்திருந்தது. லாம்பேரின் ஐந்து நட்சத்திரம் வந்ததும் கடைகளில் ஆல்பம் தீர்ந்தது. பதிப்பகத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. நாமூர் காமிக்ஸ் விழாவில் ஒதிலை மேடையில் பேட்டி காண லாம்பேரையே அழைத்தார்கள். பேட்டியின் முடிவில் பன்னிரண்டாம் ஆல்பத்தை அறிவிப்பதாகப் பதிப்பாசிரியர் திபோ லாம்பேர் காதில் சொல்லியும் வைத்திருந்தார்.

லாம்பேர் கொஞ்ச நாளாகத் தரையில் கால் பாவாமல்தான் நடந்துகொண்டிருந்தார். அந்த விமர்சனம் தன் வாழ்நாள் சாதனை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. படகு ஆல்பத்தின் நடுவிலேயே எரிந்து சாம்பலாகிறது. பக்கத்தைத் திருப்பினால் ரோசின் அதே படகில் ஒன்றுமே நடக்காதது போல மூட்டை ஏற்றுகிறாள். ‘காலம் இங்கே நதியைப் போல் ஓடவில்லை, நதியில் விழுந்த வெளிச்சத்தைப் போல் அலைகிறது’ என்று எழுதியிருந்தார். கடைசிப் படக் கட்டத்தில், படகுகளுக்கு மதகைத் திறந்துவிடும் மதகுக்காரர் “இனி எங்கே போவாய்?” என்று கேட்கிறார். ரோசின் அவித்த கிழங்கை வாயில் வைத்தபடி பேசாமல் நிற்கிறாள், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்கு மட்டும் இரண்டு பத்தி எழுதினார். யாரும் மறுத்து ஒரு வரி எழுதவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

விழா நாள் காலையில் ஒதிலின் மேசைக்கு முன்னால் வரிசை வாசல் தாண்டி நின்றது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஓவியர் கையால் ஒரு படம் வரைந்து வாங்குவதற்காக மடக்கு நாற்காலி, சாண்ட்விச், சூடான காபியோடு வந்து மணிக்கணக்கில் நிற்பது இந்த ஜனங்களுக்குப் பண்டிகை. விமர்சகன் வரிசையில் நிற்கக்கூடாது என்பது லாம்பேரின் கொள்கை. ஆனால் அவருடைய பழைய தோழி யோலாந்த் நின்றாள். பேச்சுத்துணைக்கு அவரும் பக்கத்தில் நின்றார். மேடையில் காட்டுவதற்காகக் கடைசிக் கட்டத்தை இன்னொரு முறை பார்க்க நினைத்து அவளுடைய ஆல்பத்தை வாங்கிப் புரட்டினார்.

கடைசிப் பக்கத்தில் படகு எரிந்துகொண்டிருந்தது.

யோலாந்தின் பிரதியில் பக்கங்கள் மாறிப்போயிருக்கின்றன என்று அவளுக்காக மெய்யாகவே வருத்தப்பட்டார். முன்னால் நின்றவரின் ஆல்பத்தை வாங்கிப் பார்த்தார். அதிலும் படகு கடைசியில்தான் எரிந்தது. பின்னால் நின்ற தம்பதியிடம் வாங்கினார். ஒன்பதாவது ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்தபோது தவறு யாருடைய பிரதியில் என்று புரிந்தது. பைக்குள் இருந்த தன் பிரதியை எடுத்து வைத்து ஒப்பிட்டார். பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைத்த மூன்று கட்டு, அதாவது மூன்று ஃபாரம். பைண்டிங்கில் எவனோ இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றித் தைத்திருக்கிறான். ஒதில் தன் பக்கங்களுக்கு எண் போடுவதில்லை. நதிக்கு யாரும் எண் போடுவதில்லை என்பது அவள் கட்சி. ஆகவே லாம்பேருக்கு எதுவும் தெரியவில்லை. மற்றவர்களின் பிரதியில் மதகுக்காரரின் கேள்விக்கு அடுத்த பக்கத்திலேயே பதில் இருந்தது. “முதல்ல கொஞ்சம் உப்பு குடு” என்கிறாள் ரோசின். இவர் இரண்டு பத்தி எழுதிய மௌனம் அது.

அங்கேயே நின்றபடி ஆல்பத்தை முதலிலிருந்து சரியான வரிசையில் படித்து முடித்தார். நேர்க்கோட்டில் போகும் நல்ல கதை, அவ்வளவே. யோலாந்திடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்தவில்லை.

“வாயத் தொறக்காத. அந்தப் புத்தகத்த கண்ணாடிப் பெட்டியில வை. இந்த மாதிரி தப்புப் பிரதிக்கு இங்க உள்ளவனுங்க அடிச்சுக்குவானுங்க.”

“ஒதில்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?”

“பன்னெண்டாவது வரணுமா வேணாமா? உன் அஞ்சு நட்சத்திரத்தாலதான் வருது. அத நீயே பிடுங்கப் போறியா?”

லாம்பேர் தன் பிரதியை மூடிப் பைக்குள் வைத்தார். வாய் திறந்தால் தன் பெயர் போகும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒதிலின் படகும் அதோடு மூழ்கும். மூன்று மணிக்கு மேடை ஏறும்போது, பேசாமல் இருந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

அரங்கில் இருநூறு பேர் இருந்தார்கள். ஒதிலுக்கு ஐம்பத்தெட்டு வயது. கை நிறைய மைக்கறை. முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. எந்த நிப், எந்த மை, மூடுபனியை எப்படி வரைவது என்று லாம்பேர் கேட்டார். அவள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். பிறகு அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தன் கேள்வி ஒன்றை இப்போது கேட்கலாமா என்றாள்.

“உங்க விமர்சனத்துல கடைசிக் கட்டம்னு நீங்க சொல்றது என் கடைசிக் கட்டம் இல்ல. மூணு நாள் எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் தோணிச்சு. கதைய நான் எங்க நிறுத்தியிருக்கணும்னு நீங்க நாசூக்கா சொல்லியிருக்கீங்க. ஆறு மாசமா பன்னெண்டாவத அப்படித்தான் வரையறேன். சரிதானே?”

தலையை ஆட்டினால் போதும். முன்வரிசையில் யோலாந்த் ‘ஆட்டு, ஆட்டு’ என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக ஒரு பெண் பைண்டிங்காரனின் தவறை நம்பி வரைந்துகொண்டிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். இதை மறைக்க முடியாது. தன் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார்.

“மேடம், என் பிரதியில ஃபாரம் மாறியிருக்கு. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். நான் அஞ்சு நட்சத்திரம் குடுத்தது உங்களுக்கு இல்ல. பைண்டிங்காரனுக்கு.”

அரங்கில் சரசரவென்று ஒரு சத்தம். இருநூறு பேரும் தங்கள் ஆல்பத்தைத் திறந்து, தங்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் அடித்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒருவருக்கும் அடிக்கவில்லை. இவர்கள் வீடு பற்றி எரிந்தாலும் முதலில் புத்தகத்தின் பதிப்பு எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

லாம்பேர் திபோவைத் தேடினார். பதிப்பாசிரியர் எழுந்து நின்று, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். வந்த கடிதங்கள் அறுநூற்று நாற்பது என்றும், எல்லாவற்றையும் தானே படித்ததாகவும் சொன்னார். லாம்பேர் ஐந்து கொடுத்தாரே என்று வாங்கினோம், படகை எரித்துவிட்டீர்களே, அவளுக்கு வேறு படகு கொடுங்கள் என்பதுதான் அத்தனையின் சாரம். அலையும் காலத்தைப் பற்றியோ மௌனத்தைப் பற்றியோ ஒரு கடிதத்திலும் ஒரு சொல் இல்லை. அவர்கள் படித்தது சரியான ஆல்பம். பிடித்ததும் அதுதான். பன்னிரண்டு வரும் என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

லாம்பேருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று மெதுவாகக் குத்த ஆரம்பித்தது. யோலாந்தைப் பார்த்தார்.

“நீயாவது என் விமர்சனத்தப் படிச்சியா?”

யோலாந்த் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். “நீ நீளமா எழுதுவ, லாம்பேர். நான் கீழ நட்சத்திரத்த எண்ணிக்குவேன்.”

சுற்றிலும் பார்த்தார். முகங்கள் குனிந்தன. பத்தொன்பது வருஷத்தில் எழுபத்தாறு இதழ். மீட்டர் பார்த்து வீங்கிய முழங்காலோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு அடைமொழிக்காக ஒரு மணி நேரம் செலவழித்த மாலைகள். இவ்வளவு பெரிய தவறை ஆறு மாதம் ஒருவரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம் தன் எழுத்தின் மேல் அவர்களுக்கு உள்ள மரியாதை என்றல்லவா நினைத்திருந்தார்.

“நான் படிச்சேன்” என்றாள் ஒதில். மைக் அவள் வாயிலிருந்து தள்ளி இருந்தது. முன்வரிசைக்குக்கூட அது கேட்டிருக்காது. “எல்லாத்தையும். மூணாவது ஆல்பத்துக்கு ஒண்ணு குடுத்தீங்க. ரோசின் கைய நான் பாத்து வரையல, நெனச்சு வரையறேன்னு எழுதினீங்க. பதினோரு நாள் பேனாவத் தொடல. அப்புறம் படகுத்துறைக்குப் போய்ப் படகுக்காரங்க கைகளையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

லாம்பேர் அவளைப் பார்த்தார்.

ஒதில் மைக்கை மறுபடி அருகே இழுத்துக்கொண்டாள். “இன்னிக்கு சரியான வரிசையில படிச்சீங்கதானே. இப்ப எத்தன நட்சத்திரம்?”

அரங்கு காத்திருந்தது. இருநூறு பேருக்கும் எண்ணிக்கை மட்டும்தான் வேண்டும். லாம்பேர் பொய் சொல்லிப் பழகாதவர்.

“மூணு” என்றார்.

“ரெண்டு எதுல போச்சு?”

“படகுல. எரியறதுக்கு ஆறு பக்கம் வேணும். நீங்க ஒன்றரையில எரிச்சுட்டீங்க. அவசரம் தெரியுது.”

ஒதில் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். “பதிப்பகத்துல முடிக்கச் சொல்லிட்டாங்க. ரோசின வேற யார்கிட்டயும் விட்டுட்டுப் போக மனசு வரல, படக எரிச்சேன். அழுதுகிட்டே வரைஞ்சேன், அதான் சீக்கிரம் முடிச்சேன்” என்றாள். பிறகு தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “ஆறு பக்கம்னா முதல் பக்கத்துல என்ன போடுவீங்க, சொல்லுங்க.”

லாம்பேர் சொன்னார். அவள் மறுத்தாள். அவர் விடவில்லை. கேள்விகள் எழுதிய தாளைக் கவிழ்த்துப்போட்டு, பென்சில் வாங்கி, கட்டங்களைக் கோணல்மாணலாகக் கிறுக்கிக் காட்டினார். அரங்கில் பாதிப் பேர் கிழங்கு வறுவலுக்கும் பீருக்கும் எழுந்து போய்விட்டார்கள். தன்னைப் படித்த ஒருத்தியோடு அவர் பேசுவது அதுதான் முதல் தடவை. மீதிப் பேரும் எழுந்து போனதை அவர் கவனிக்கவேயில்லை.