ஒரே கண்ணுக்கு இரண்டு மெஷின்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற தம்பியை அங்கே எல்லோரும் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, கீழே கொக்கி மாட்டுகிறவன் விரலை மடக்கினானா நீட்டினானா என்று சொல்லிவிடுவான். அந்தக் கழுகுக்கே இடது கண் கெட்டுப்போனது ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. கண்ணில் அழுத்தம். வலியில்லை, சிவப்பில்லை, கறையான் மாதிரி ஓரத்திலிருந்து பார்வையை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது.

அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் வலது கண்ணைக் காப்பாற்ற வருஷா வருஷம் ஸ்கேன், தினமும் சொட்டு மருந்து. கூடவே போய் வந்தது அக்காதான். அவளுக்கு ஜெராக்ஸ் கடை. கடையைப் பூட்டிவிட்டுப் போவாள். போன வருஷம் அந்த டாக்டர் ஆஸ்பத்திரியையே மூடிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் இந்தப் பெரிய கண் ஆஸ்பத்திரி.

புது டாக்டரம்மா திரையிலிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நரம்பு மெலிஞ்சிருக்கு. வெளிச்சம் தெரிஞ்சா பட்டன் அமுக்கற டெஸ்ட் சரியா வரல, அதை நம்ப முடியாது. ஆனா இது பல வருஷமா இப்படியே நிக்குதா, இல்ல மெலிஞ்சிட்டே வருதான்னு ஒரு படத்தை வச்சு சொல்ல முடியாது."

"ஆபரேஷன் பண்ணிடலாமே டாக்டர்," என்றாள் அக்கா.

"இருக்கிறது ஒரே கண்ணும்மா. ஆபரேஷன்ல அதுவும் போகலாம். மெலிஞ்சிட்டு வருதுன்னா துணிஞ்சு பண்ணித்தான் ஆகணும். அப்படியே நிக்குதுன்னா கத்தியே வைக்கக் கூடாது. பழைய ஸ்கேன் எல்லாம் கொண்டு வாங்க. இல்லேன்னா சில மாசம் கழிச்சு மறுபடி எடுத்துத்தான் பார்க்கணும்."

"அதுக்குள்ள போயிட்டா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். தம்பியைப் பார்த்து, "உங்களுக்கு முன்னைவிட மங்கலா தெரியுதா? வேலையில கஷ்டம் இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். நல்லாத்தான் தெரியுது."

அக்காவுக்குப் பாதி உயிர் திரும்பியது. பழைய ஆஸ்பத்திரியை மூடும்போது ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்திருந்தார்கள். அதைப் புடவைக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தாள். மறுநாளே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் நல்ல மனிதர். டிஸ்க்கைப் போட்டார், எடுத்தார், துடைத்தார், மறுபடி போட்டார்.

"படம் எல்லாம் உள்ளே இருக்கும்மா. ஆனா திறக்க வரல."

"இருக்குங்கறீங்க, திறக்க வரலங்கறீங்க. என் கடைக்கு எந்தக் கம்பெனி போன்ல எடுத்த போட்டோவைக் கொண்டு வந்தாலும் பிரிண்ட் போட்டுக் குடுக்கறேன். இத்தனை பெரிய மெஷினால முடியாதா?"

"போன் கம்பெனிக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரி போட்டோவைச் சேமிக்கறாங்க. கண் மெஷினுக்கும் அப்படிப் பொதுவான முறை இருக்கும்மா. அந்த முறையில எழுதியிருந்தா இந்நேரம் டாக்டர் டேபிள்ல படம் வந்திருக்கும். உங்க பழைய மெஷின் அதுல எழுதல. அதோட சொந்த பாஷையில எழுதியிருக்கு. அந்த மெஷினோட கம்ப்யூட்டருக்குத்தான் அது புரியும்."

"அப்போ அந்த மெஷின் வேணும்."

"இருந்தா பார்க்கலாம்," என்றார் அவர், நம்பிக்கை இல்லாமல்.

அக்கா தெருத்தெருவாக விசாரித்தாள். மூடிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரர், மெஷினை எல்லாம் பழைய கருவி வாங்கி விற்கும் வியாபாரி லாரியில் ஏற்றிப் போனதாகச் சொன்னார். ஊருக்கு வெளியே இருந்த அவருடைய குடோனுக்குத் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் வழியெல்லாம் அவன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான்.

பிளாஸ்டிக் உறை போட்ட கருவிகள் கல்யாண மண்டபத்து நாற்காலிகள் மாதிரி அடுக்கிக் கிடந்தன. தாடையை வைக்கும் அந்த வெள்ளைத் தாங்கியைப் பார்த்ததுமே அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இதேதான். கொஞ்சம் ஆன் பண்ணுங்கண்ணே. நான் போன்ல படம் புடிச்சிட்டுப் போயிடறேன்."

வியாபாரி கையைப் பிசைந்தார். "ஆன் பண்ணலாம் தங்கச்சி. உள்ளே எதுவும் இருக்காது. நோயாளிங்க விவரம் வெளியே போகக் கூடாதுன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் விப்போம். நானே முன்னாடி நின்னு அழிக்கச் சொன்னேன்."

"டிஸ்க் இருக்கே. இதைப் போட்டா?"

அவர் இரக்கப்பட்டு ஆன் செய்தார். படத்தைத் திறக்கும் புரோகிராமும் சேர்ந்தே போயிருந்தது. நீலத் திரைதான் வந்தது. அக்கா டிஸ்க்கை உள்ளே தள்ளினாள், எடுத்தாள், திருப்பித் தள்ளினாள். வியாபாரி மெதுவாக அவள் கையைத் தடுத்து, டிஸ்க்கை வாங்கி உறையில் போட்டுக் கொடுத்தார்.

அவள் பக்கத்திலிருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். அப்பா அம்மா போனபோதுகூட இப்படி உட்கார்ந்ததில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

"அக்கா, எழுந்திரு."

"எங்கே போகச் சொல்றே? இனிமே யார்கிட்டடா போய் நிக்கறது?"

தம்பி தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மெலிஞ்சிட்டுத்தான் வருது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கீழே நிக்கிறவன் கை எனக்குத் தெரியறதில்ல. வயர்லெஸ்ல அவன் குரலை வச்சுத்தான் இறக்கறேன். ரொம்ப நாளா."

அக்காவின் அழுகை நின்றுவிட்டது. "அந்தக் கொக்கிக்கு அடியில ஆளுங்க நிக்கறாங்களேடா."

"தெரியும்."

"பட்டன் அமுக்கற டெஸ்ட் எடுத்தாங்களே?"

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி மெஷின்ல ஒரு சின்ன சத்தம் வரும். அதைக் கேட்டு அமுக்கினேன். சரியில்லேன்னு டாக்டர் அதைத் தள்ளி வச்சிட்டார். உண்மையைச் சொன்னா கிரேனை விட்டு இறக்கிடுவாங்க. அதை விட்டா எனக்கு என்ன தெரியும்?"

அவனை அறையக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் தலையில் போய் நின்றது.

அன்றைக்கே டாக்டரம்மாவின் அறைக்கு அவனைக் கூட்டிப்போனாள். அவன் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னான். டாக்டரம்மா திட்டவில்லை. டெஸ்ட்டை மறுபடி எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை அவன் வெளிச்சம் தெரிந்தபோது மட்டும் அமுக்கினான். வந்த படத்தில் பார்வை உள்ள இடமாக நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு.

"இனி யோசிக்க நேரமில்ல. அந்தப் பழைய படம் வந்திருந்தா முதல் நாளே பண்ணியிருப்பேன்," என்றார் டாக்டரம்மா. "நீங்க சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன்."

ஆபரேஷன் நடந்தபோது அக்கா வெளியே பெஞ்சில் இருந்தாள். அந்த விரல் அளவு வெள்ளை மட்டும் மிஞ்சட்டும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஞ்சியது. அழுத்தம் இறங்கியது, இருந்த பார்வை நின்றது, போனது வரவில்லை. துறைமுகத்தில் அவனுக்குக் கேட்டில் உட்கார்ந்து வண்டிகளை உள்ளே விடும் வேலை கொடுத்தார்கள். பல வாரம் அவன் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட அவள் பக்கம் பார்க்காமல்தான் வாங்குவான்.

ஒரு நாள் வேலை முடிகிற நேரத்துக்கு அவள் போனாள். கேட்டுக்கு உள்ளே கிரேன் ஒரு பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தது. தம்பி கழுத்தை வளைத்து, நடுப்பார்வைக்குள் அதைக் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதுசா ஒருத்தன் ஓட்டறான்," என்றான், அவளைத் திரும்பிப் பார்க்காமலே. "பரவாயில்ல. கொஞ்சம் அவசரப்படறான்."

"போலாமாடா?"

"இரு. இறக்கிடட்டும்."

பெட்டி தரையைத் தொட்டதும் அவன் எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். இருவரும் ரோட்டுக்கு இறங்கினார்கள்.